முன்பின் தெரியாதவர் சொன்ன மெஷின்

கண்ணாடிக்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்து எண் சொல்வது அவர் வேலை. வருகிறவர் மூக்கில் கனமான ஃப்ரேம் ஒன்றை மாட்டி, அதில் வட்டச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டே இருப்பார். சிலர் பதில் சொல்லாமல் முழிப்பார்கள். அது மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுதா? அப்ப முதல்ல போட்டதே போதும். எழுந்திருங்க. அடுத்தவர் வாங்க." வேலை முடிந்தது. பட்டென்று முடிவெடுக்கிற ஆள் என்று முதலாளியே நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வார்.

அதே மனுஷன் வீட்டுப்படி ஏறிவிட்டால் வேறு ஆள். ஒரு டார்ச் லைட் வாங்குவதற்குள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்துவிடும்.

எல்லாம் ஒரு மிக்சி செய்த வேலை. கல்யாணமான புதிதில் கடைக்காரன் தேனொழுகப் பேசி ஒரு மிக்சியை அவர் தலையில் கட்டிவிட்டான். மனைவியின் அண்ணன் முதன்முதலாகச் சாப்பிட வந்திருந்த அன்றைக்குப் பார்த்து அது புகை விட்டு உட்கார்ந்துகொண்டது. மச்சான் சும்மா இருப்பாரா? "மாப்பிள்ளை வாங்கின மிக்சி அரைக்காது, சுருட்டுப் பிடிக்கும்" என்று அன்றைக்குச் சொன்னதை இன்றுவரை போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு கடைக்காரன் பேச்சும் வேண்டாம், சொந்தக்காரன் பேச்சும் வேண்டாம் என்று கண்ணாடிக்காரர் ஒரேயடியாக முடிவுகட்டிவிட்டார்.

அவர் முடிவு கட்டியது அது ஒன்றைத்தான்.

மிச்சத்தையெல்லாம் முன்பின் தெரியாதவர்களிடம் விட்டுவிட்டார். போனில் ஒரு குழு இருக்கிறது. 'எதை வாங்கலாம்?' என்று பெயர். என்ன பொருள் வேண்டும், வீட்டில் எத்தனை பேர், எதற்காக என்று எழுதிப் போட்டால், ஊர் பேர் தெரியாத ஜனங்கள் ஓடிவந்து பதில் சொல்வார்கள். ஒருவர் பெயர் 'ஓட்டை ஃபியூஸ்'. இன்னொருவர் 'சும்மா இரு', அவர்தான் அங்கே அதிகம் பேசுகிறவர். கண்ணாடிக்காரர் அங்கே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'நிதானம்'. "சொந்தக்காரன் சொன்னா அதுல ஒரு உள்குத்து இருக்கும். யாருன்னே தெரியாதவனுக்கு என்னை ஏமாத்தி என்ன ஆகப் போகுது?" என்பது அவர் கட்சி. கேட்கும்போது நியாயமாகத்தான் படும்.

இப்படியே டார்ச் லைட், ஃபேன், இஸ்திரிப் பெட்டி என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மனைவிக்குக் கை வலி வந்தது.

அவள் ஒரு கூரியர் அலுவலகத்தில் பொட்டலம் கட்டுகிறாள். நாள் முழுவதும் டேப்பை இழுத்து இழுத்து ஒட்டி வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தால் துணி. டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், அவள் "ஸ்" என்றதும் விட்டார். "துணி பிழியறதை இன்னையோட நிறுத்துங்க. இல்லேன்னா இந்தக் கையால டம்ளர்கூடத் தூக்க முடியாது. அப்புறம் ஆபரேஷன்னு வந்து நிக்காதீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர், "நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா. வாஷிங் மெஷின் வாங்கிடலாம். நான் பாத்துக்கறேன்" என்றார். சும்மா சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார். அவள்மேல் அவருக்குப் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய்.

அன்றைக்கே குழுவில் கேள்வியைப் போட்டார். ஆரம்பித்தது வினை. மேலே மூடி திறக்கிற மெஷின்தான் உசத்தி என்றார் ஓட்டை ஃபியூஸ். முன்பக்கம் கதவு வைத்ததுதான் துணியைக் கிழிக்காது என்றார் சும்மா இரு. இரண்டு பேரும் ஒருவர் படிப்பை ஒருவர் சந்தேகப்பட்டு, கடைசியில் ஒருவர் குடும்பத்தை ஒருவர் இழுத்துவிட்டார்கள். மூன்றாவதாக ஒரு புண்ணியவான் வந்து, "முதலில் உங்கள் குழாயில் தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் குளியலறையில் வாளியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பிடித்துப் பிடித்துக் கொட்டினார். பக்கத்தில் அவருடைய சட்டைகளையே முக்கி வைத்துக்கொண்டு மனைவி காத்திருந்தாள்.

அடுத்து ஒருவர், தரை மட்டமாக இல்லாவிட்டால் மெஷின் குதிக்கும் என்று கிளப்பிவிட்டார். தரையைப் பார்க்க ரசமட்டம் வேண்டும், கொத்தனார்கள் வைத்திருப்பார்களே, நடுவில் குமிழி ஓடுமே, அது. கீழ்வீட்டுக் கொத்தனாரிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. இவர் என்ன செய்தார் தெரியுமா? எந்த ரசமட்டம் வாங்கலாம் என்று குழுவில் தனியாக ஒரு கேள்வி போட்டார்! அதற்கும் இரண்டு கட்சி கிளம்பியது. ரசமட்டம் வந்து சேர்ந்து, தரை ஒரு பக்கம் இம்மியளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட நாளில் அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஏங்க, மெஷின் எப்பங்க வரும்?" என்று மனைவி கேட்பாள்.

"வருது வருது. புது மாடல் ஒண்ணு வரப்போகுதாம். இப்ப அவசரப்பட்டு வாங்கிட்டு அப்புறம் வயிறெரியக் கூடாது பாரு."

"எனக்குக் கை எரியுதுங்க."

"அதான் பாத்துக்கிட்டிருக்கேன்ல."

நடுவில் குற்ற உணர்ச்சி தாங்காமல் ஒருநாள் தானே துணியைப் பிழிந்தார். பிழிந்த லட்சணம், மொட்டைமாடிக் கொடியில் போடப் படியேறுவதற்குள் ஒழுகி, கொத்தனார் மனைவி படிக்கட்டுச் சுவரில் காயவைத்திருந்த மெத்தை நனைந்துவிட்டது. அந்தம்மா வாசலில் நின்று போட்ட கூச்சலில், "நீங்க விடுங்க, நானே செஞ்சுக்கறேன்" என்று மனைவி வாளியை வாங்கிக்கொண்டாள். அவரும் கொடுத்துவிட்டார்.

இதற்குள் இன்னொரு கூத்தும் நடந்தது. வாஷிங் மெஷினைப் பற்றி ஒருவன் இவ்வளவு படித்தால் அது எங்கே போகும்? யாராவது குழுவில் மெஷின் கேட்டால், மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் 'நிதானம்' பதில் எழுதிவிடுவார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில், கண் சோதிக்கிற அதே தோரணையில், சுருக்கமாக, வெட்டு ஒன்று துண்டு இரண்டாக: இதை வாங்குங்கள், அதை விடுங்கள், அடுத்தவர் வாருங்கள். வாங்கியவர்கள் எல்லாரும் நன்றாக ஓடுகிறது என்று வாழ்த்தினார்கள். குழுவை நடத்துகிறவர்கள் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நட்சத்திரம் ஒட்டினார்கள். 'நிதானம் ஐயா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று பேச்சாகிவிட்டது. எத்தனையோ வீடுகளில் அவர் புண்ணியத்தில் துணி தானாகத் துவைந்துகொண்டிருந்தது.

இந்தப் பெருமையைப் பற்றி வீட்டில் மட்டும் அவர் மூச்சுவிடவில்லை. சொன்னால், "அப்ப நம்ம மெஷின்?" என்ற கேள்வி வரும். எதற்கு வம்பு?

ஒருநாள் மத்தியானம் கடையில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து போனைப் பார்த்தார். குழுவில் புதிதாக ஒருவர். பெயர் 'ஈரத்துணி'. "வணக்கம். எனக்கு மணிக்கட்டு வலி. துணி பிழியக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இரண்டு பேர். கடையில் இந்த மூன்று மெஷின்களைக் காட்டினார்கள். எதை வாங்கலாம்? வீட்டுக்காரர் ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

கை வலி, கால் வலி, இடுப்பு வலி என்று குழுவில் தினமும் யாராவது எழுதுவார்கள்தான். தன் மனைவி பேசுவதற்குத் தவிர வேறு எதற்கும் போனைக் கையில் எடுத்து அவர் பார்த்ததும் இல்லை. ஆகவே அவருக்குச் சந்தேகம் துளியும் வரவில்லை. கோபம்தான் வந்தது. நிஜமான கோபம். இப்படியும் ஒரு ஆம்பிளையா, கட்டினவள் கை வலியில் துடிக்கிறாள், இவன் என்னத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அந்த ஊர் பேர் தெரியாத வீட்டுக்காரன்மேல் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் சோதிக்க வந்த ஒரு பெரியவரை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே பதிலைத் தட்டினார்.

அடுத்து வந்த விடுமுறை நாளில் கண்ணாடிக்காரர் கூடத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் மணி அடித்தது. இரண்டு பேர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கயிறு கட்டிச் சுமந்துகொண்டு, மூச்சிரைக்க நின்றார்கள். மனைவி உள்ளேயிருந்து வந்து, "அந்தப் பக்கம், குளியலறைப் பக்கமா வெச்சிடுங்கப்பா" என்றாள். அவர்கள் பெட்டியைப் பிரித்து, குழாயை மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு, அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும்வரை அவர் ஷூவும் கையுமாக மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"யாரைக் கேட்டு வாங்கினே?"

"என் சம்பளத்துல, தவணையில வாங்கினேங்க."

"பணத்தைக் கேக்கல. யாரைக் கேட்டேன்னு கேக்கறேன். இதுக்கு வடிகுழாய் கட்டைம்மா! தரைச் சாய்வுக்கு இது சரிப்பட்டு வருமான்னுகூட நான் இன்னும் பாக்கல. உங்க அண்ணன் சொன்னாரா?"

"அண்ணன் எங்க இதுல வந்தாரு? நீங்க எப்பவும் செய்யற மாதிரிதான் செஞ்சேன். முன்பின் தெரியாத ஒருத்தரைக் கேட்டேன்." அவள் குரலில் கேலி எதுவும் இல்லை. "ஆபீஸ்ல என்கூடப் பொட்டலம் கட்டுற பொண்ணு ஒண்ணு, 'அக்கா, ஒரு குரூப் இருக்கு, உடனே சொல்லிடுவாங்க'ன்னு என் போன்லயே பேர் போட்டு எழுதிக் குடுத்துச்சு."

"யாரோ வழியில போறவன் சொன்னான்னு வாங்கிடுவியா?" என்று எகிறினார், ஆயுசு பூராவும் வழியில் போகிறவர்களைக் கேட்டே வாங்கிய மனுஷன்.

"வழியில போறவர்தான். என்ன சொன்னாருன்னு கேளுங்க." அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துத் தூரமாகப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"அம்மா, மூன்றில் நடுவில் இருப்பதை வாங்குங்கள். இன்றைக்கே வாங்குங்கள். மூன்றுமே துணி துவைக்கும். புது மாடல் வருகிறது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். புது மாடல் வந்துகொண்டேதான் இருக்கும், உங்களுக்குப் புதுக் கை வராது."

கண்ணாடிக்காரர் கையில் ஒரு ஷூவும் பிரஷ்ஷும் இருந்தன. இரண்டையும் கீழே வைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிறீர்கள். பார்க்கட்டும். வலி அவர் கையில் இருந்திருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே மெஷின் வந்திருக்கும். அவரைக் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். இப்படிக்கு, நிதானம்."

வாசித்துவிட்டு அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள். "என்ன, உங்களைத் திட்டற மாதிரி இருக்கேன்னு கோச்சுக்காதீங்க. நான் உங்களைப் பத்தித் தப்பா ஒண்ணும் எழுதல, பாத்துக்கிட்டிருக்கார்னுதான் எழுதினேன். ஆனா இதைப் படிச்சதும் எனக்கு அழுகையே வந்துடுச்சுங்க. யாரோ எவரோ. என் கை வலி அவருக்கு எப்படிப் புரிஞ்சிருக்கு பாருங்க. நான் கேட்டுப் பத்து நிமிஷம்கூட ஆகல."

அது நான்தான் என்று சொல்லிவிடலாமா? வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால், யாரோ ஒருத்திக்கு உடனே இரங்கிய மனசு பக்கத்தில் படுத்து முனகுகிறவளுக்கு ஏன் இரங்கவில்லை என்று கேட்பாள். அவள் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி இனிமேல் அவரை விடாது. சொல்லாவிட்டால், அவள் மெச்சுகிற அந்த நல்ல மனுஷன் வேறு யாரோவாகவே இருந்துவிடுவான். அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, அதுவும் யார்மேல்!

"அவர் பொண்டாட்டி குடுத்து வெச்சவ" என்றாள் மனைவி. மெஷினில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பினாள். "ஏங்க, நீங்களும் இந்த மாதிரி குரூப்லதான எந்நேரமும் இருக்கீங்க? இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"பழக்கமில்ல" என்றார் கண்ணாடிக்காரர்.

"எப்பவாவது பேச நேர்ந்தா, நான் ரொம்ப நன்றி சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"சொல்றேன்மா" என்றார்.