அட்டையில் ஒரு ஜோடிப் புறா

ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையைத் தாண்டும்போதெல்லாம் என் மூக்கு முதலில் நின்றுவிடுகிறது. சூடான மையும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. கல்யாணமோ காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, எல்லா முகங்களும் அதே வாசனையோடுதான் இயந்திரத்திலிருந்து இறங்குகின்றன. எனக்கு அந்த வாசனையில் ஒரு ஜோடிப் புறா பறந்து வரும். என் அக்கா மகளின் வேலைக் கனவின் மேல் வந்து உட்கார்ந்த புறாக்கள்.

அவள் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருடப் படிப்பு. அதில் ஓர் அரையாண்டு ஏதாவது ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் பயிற்சிக்கு இருந்தாக வேண்டும். இடம் தேடுவது மாணவர் பாடு. கிடைக்காவிட்டால் கூடப் படிப்பவர்கள் முன்னே போய்விடுவார்கள். இவள் அடுத்த வருடம் வரை காத்துக் கிடக்க வேண்டும். பெங்களூருக்கு எழுதினாள், சென்னைக்கு எழுதினாள், கோயம்புத்தூருக்கும் எழுதினாள். எங்கிருந்தும் பதில் இல்லை. கடைசியில் ராஜபாளையத்தில் மில் கட்டடங்களும் வீடுகளும் வரைகிற ஓர் அம்மா, வரைந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் வரச் சொன்னார். இருப்பது ஒரே இடம். வேறு கல்லூரிப் பையன் ஒருவனும் கேட்டிருந்தான்.

எனக்கு இந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவளைக் குடைந்துகொண்டே இருப்பேன்.

“படிச்சு முடிச்சா வீடு கட்டுவியா?”

“கட்ட மாட்டேன் சித்தி. வரைவேன்.”

“வரைஞ்சிட்டு?”

“அப்படியே கட்டுதாங்களான்னு வெயில்ல நின்னு பாப்பேன்.”

அது மட்டும் இல்லையாம். பழைய கட்டடங்களைக் கெடாமல் காக்கும் வேலை இருக்கிறதாம். ஊருக்கே திட்டம் போடும் வேலை, சினிமாவுக்கு அரண்மனை கட்டிப் பிரிக்கிற வேலை, கடைகளுக்கு உள்ளலங்காரம், கல்லூரியில் பாடம் சொல்வது. அவள் சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு முட்டியது. ஒரு படிப்புக்குள் இத்தனை தெருவா.

“இம்புட்டு வழியா? எதுல போகப் போறே?”

“மொதல்ல எவியளாவது வாசக்கதவைத் தொறக்கட்டும் சித்தி.”

அந்தக் கதவைத் தட்டத்தான் புத்தகம். படிப்பில் இதுவரை வரைந்ததில் நல்லதைப் பொறுக்கித் தொகுப்பார்கள். போர்ட்ஃபோலியோ என்கிறார்கள். அவளுடைய முகப்பு அட்டையைக் கணினியில் பார்த்திருக்கிறேன். வெறும் வெள்ளை. நடுவில் முடி போல ஒரு கோடு. கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் அவள் பெயர், எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி. “இப்ப எல்லாரும் இப்படித்தான் வைக்காங்க” என்றாள்.

புத்தகத்துக்கு வேண்டிய பெரிய தாளில் வண்ணமாக அச்சடிக்க எங்களுக்கு வாய்த்தது ஃப்ளெக்ஸ் கடை. கணினிக் கோப்பை அனுப்பிவிட்டு, அச்சடித்ததை வாங்கி வர அப்பாவை அனுப்பினாள். அத்தான் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போன காரியத்தை அரைகுறையாக விட்டுவிட்டு வருகிறவர் அல்ல.

புத்தகத்தை மேசையில் வைத்தார். அட்டையில் அவள் முகம், தட்டு அகலத்துக்கு. மேலே பெயர், மஞ்சள் கரை கட்டிய சிவப்பு எழுத்தில். அதன் கீழே ‘கட்டடக்கலை மாணவி’. நான்கு மூலையிலும் தாமரை. தலைக்கு மேல் அலகோடு அலகு சேர்த்து இரண்டு புறா.

“அப்பா, இது என்னது?”

“வெறும் வெள்ளையா வச்சிருந்தே. அச்சு விழலையோன்னு கடைக்காரரே கேட்டாரு. நான் கூட நின்னு சரி பண்ணிக் கொண்டாந்தேன்.”

“வாழ்த்தும் அன்பு உள்ளங்கள்னு போட்டிருக்கு. வன்னியம்பட்டி பெரியப்பா குடும்பத்தார்னு போட்டிருக்கு.”

“ஒஞ் சித்தி பேரும் இருக்கு.”

பார்த்தேன். இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, சொல்லவில்லை.

“புறா எதுக்குப்பா?”

“அது அவிய வச்சது. கல்யாண டிசைன்ல இருந்து எடுத்தாங்களாம். நல்லாத்தான இருக்கு?”

அவள் கத்தினாள். பொறவு அழுதாள். அட்டையைக் கிழிக்கலாமென்றால் அதன் பின்பக்கத்திலேயே முதல் வரைபடம். மறுபடி அடிக்க நேரம் இல்லை, மதியமே வரச் சொல்லியிருந்தார்கள். அவளும் நானும் பேருந்து ஏறினோம். அத்தான் பைக்கில் பின்னாலேயே வந்தார். புத்தகத்தை அவள் மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அலுவலகம் மாடியில். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். போனில் யாரிடமோ தெலுங்கில் “வஸ்தானு, வஸ்தானு” என்று, வருவதாகச் சொல்லி வைத்துவிட்டு, புத்தகத்தை வாங்கினார். அட்டையையே செத்த நேரம் பார்த்தார்.

“பேரு என்னன்னு நான் கேக்கத் தேவையில்ல. ரோட்டுல போறவனுக்கே தெரியும்.”

அவள் தலையைத் தூக்கவில்லை. அவர் பக்கங்களைப் புரட்டினார். மில்லில் வேலை செய்யும் பெண்களுக்கான விடுதி ஒன்றை அவள் வரைந்திருந்தாள். முற்றம், மரம், மனிதர்கள் எல்லாமே நிஜம் போலவே இருந்தன. அங்கே அவர் விரல் நின்றது.

“இந்தத் தொப்பி போட்ட அம்மா எந்த ஷிப்டு?”

“நெட்டுல எடுத்தது மேடம்.”

“நாயி?”

“அதுவும் நெட்டுதான்.”

“ராஜபாளையத்துல ஒரு நாய் கெடைக்கலையா ஒனக்கு?”

எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்றினேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி, அட்டையைத் தட்டினார்.

“இது யாரு வேலை?”

பழியைக் கடைக்காரர் மேல் போட்டிருக்கலாம். அதற்காகவே காத்திருந்தது போல என் நாக்கு கூடத் துறுதுறுத்தது. அவள், “அப்பா மேடம்” என்றாள்.

“நீ வரைஞ்சு முடிச்ச பொறவு அவரு மாத்திட்டாரு. சரி. ஏன் மாத்துனாரு?”

“வெள்ளையா இருக்குன்னு.”

“அது அவரு சொன்னது. எதுக்குன்னு கேட்டியா?”

“சண்டை போட்டேன்.”

“எங்க இருக்காரு?”

“கீழ. பைக்குல.”

“போய்க் கேட்டுட்டு வா.”

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து போனாள். நான் எப்படி மேலேயே உட்கார்ந்திருப்பது? பின்னாலேயே இறங்கினேன்.

அத்தான் வேப்ப மர நிழலில் விறைப்பாக நின்றிருந்தார். அவள் கேட்டதும் பைக் கண்ணாடியைத் துடைத்தார்.

“உள்ள எல்லாத் தாளையும் பாத்தேன். காலேஜ் பேரு தெரியுது, புரொஃபஸர் பேரு தெரியுது. ஒம் பேரு எங்கன்னு தேடுனேன். கடைக்காரருதான் பெருசாக்கிக் காட்டுனாரு. அம்புட்டும் நீ ராத்தூக்கம் இல்லாம வரைஞ்சது. யாரு வரைஞ்சான்னு அவிய தேடிக்கிட்டா இருப்பாவ?”

அவள் அவர் சட்டைக் காலரை ஒருமுறை சரிசெய்துவிட்டுப் படியேறினாள்.

மேலே வந்து, அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். அந்த அம்மா புத்தகத்தின் உள்தாள் ஒன்றைப் பிரித்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் எதிர்த்தெரு வீடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் நிற்காத பால்கனி ஒன்று. எதையும் தாங்காத தூண்கள். வீட்டுக்காரர் முதலில் என்ன கேட்டிருப்பார்? காற்றா, நிழலா, தன் பெயரா? இறங்கிப் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

“எனக்கும் பேரு தெரியல” என்றார் அந்த அம்மா. “அவரு கேட்டது பேரு. கெடைச்சது புறா. இப்ப நீ இந்த அட்டைய என்ன பண்ணுவே?”

அவள் பென்சிலை எடுத்தாள். ஒரு தாளின் பின்பக்கத்தில் அதே முடிக்கோடு. அதன் மேல் தன் பெயரை, கை அகலத்துக்கு, கறுப்பாக எழுதினாள். யோசித்துவிட்டுக் கீழே சின்னதாக அப்பா பெயரை எழுதினாள்.

“புறா?”

“அப்பாவுக்கும் அது வேண்டாம் மேடம். அதுவா வந்தது.”

அவர் இப்போதுதான் சிரித்தார். “காலைல ஒரு பையன் வந்தான். அட்டை அழகா இருந்துச்சு. பேருதான் மனசுல நிக்கல.”

மூவரும் கீழே இறங்கினோம். அத்தான் விறைப்பாக வணக்கம் வைத்தார். அவளிடம் அந்த அம்மா சொன்னார்:

“திங்கக்கெழம வந்துரு. அளவு டேப்பு நீயே கொண்டாரணும். பொறவு அந்த நாயை மாத்து.”

அத்தான் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

“நாய் வெசயத்தை எங்கிட்ட விட்ருங்க மேடம்.”