மோட்டார் திருட்டு வழக்கில் நான்

விழுப்புரத்தில் சட்டம் படித்த இரண்டாவது வருடம், கல்லூரியின் மாதிரி நீதிமன்ற அணியில் சேர்ந்தேன். கற்பனையான ஒரு வழக்கில் மாணவர்களே வக்கீலாகவும் சாட்சியாகவும் நடித்து வாதாட வேண்டும். எனக்குக் கருப்புக் கோட்டு மாட்டிக்கொள்ள ஆசை. பொறுப்பாசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ அக்யூஸ்டு. மூஞ்சி நல்லா செட் ஆவுது" என்றார். வயல் கிணற்று மோட்டாரைத் திருடியதாக என் மேல் குற்றச்சாட்டு.

அரசு வக்கீல் என் தோழி. இருவரும் திண்டிவனத்திலிருந்து ஒரே பஸ்ஸில்தான் போவோம். கல்லூரியில் ஒத்திகைக்கு அறை கிடைக்காததால் பஸ்ஸிலேயே வாதாடிப் பழகினோம்.

"மோட்டாரைக் கழட்டும்போது கூட யாரு இருந்தாங்க?"

"நான் கழட்டவே இல்லீங்க."

"அப்ப கையில கிரீஸ் எப்படி வந்துச்சு?"

விக்கிரவாண்டி வருவதற்குள் நான் அழுதுவிடுவேன். அழுகை எனக்கு நன்றாக வரும். ஒருநாள் பின் சீட்டில் எங்கள் தெருக்காரம்மா ஒருவர் உட்கார்ந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி, உன் மேல மோட்டார் திருட்டுக் கேஸு நடக்குதாமே?"

"ஐயோ, அது பொய்க் கேஸும்மா!"

"பொய்க் கேஸா? யாரு போட்டது?"

"எங்க சாரு."

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "படிக்கப் போன பொண்ணு மேல வாத்தியாரே பொய்க் கேஸ் போட்டுக்கினு கீறாரா?"

அரைமணி நேரம் விளக்கினேன். புரிந்தது என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

மறுநாள் காலையில், சேதி கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர் விவசாயி ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவருடைய மோட்டார் நிஜமாகவே திருடு போயிருந்தது. கோபமே இல்லாமல் பேசினார்.

"பாப்பா, வயசுல தப்பு பண்றதுதான். எங்க வச்சிருக்கேன்னு மட்டும் சொல்லிடு. தண்ணியில்லாம மல்லாட்டைப் பயிரு காயுது."

நான் எடுக்கவில்லை, இது வெறும் போட்டி என்று சத்தியம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "தீர்ப்பு என்னிக்கு?" என்றார். புத்தி கெட்டுப்போய், "வெள்ளிக்கிழமைங்க" என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, வெள்ளைச் சட்டை போட்டு, மோட்டார் வாங்கிய பில்லை பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு, போட்டி அரங்கின் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். தோழி என்னை வறுத்தெடுத்தாள். நானும் திட்டப்படி அழுதேன். "கடைசியாகக் கேட்கிறேன், மோட்டார் எங்கே?" என்று அவள் கை நீட்டியதுதான் தாமதம், அவர் எழுந்தார்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்!"

நீதிபதியாக வந்திருந்தவர் வெளியூர் வக்கீல். இதுவும் எங்கள் ஏற்பாடு என்று நினைத்துவிட்டார். "சாட்சி கூண்டுக்கு வரலாம்" என்றார்.

விவசாயி செருப்பைக் கழற்றிவிட்டுக் கூண்டில் ஏறினார். மோட்டார் ஏழரை எச்.பி., பச்சைப் பெயின்ட் என்றார். அடியில் அவர் மகள் நெயில் பாலிஷால் போட்ட கோடு இருக்கும் என்றார். என் வக்கீலாக நடித்த மாணவன் குறிப்புத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தான். தோழிதான் சமாளித்துக்கொண்டு, "இவங்கதான் எடுத்தாங்களா?" என்று கேட்டாள்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். அத்தனை நாள் பஸ்ஸில் அழுததில், ஒருவேளை நான்தான் எடுத்துவிட்டேனோ என்றே தோன்றிவிட்டது.

"இல்லீங்க. இந்தக் கைய வச்சிக்கினு ஏழரை எச்.பி.யைத் தூக்க முடியுமா? குடம் தூக்குறதே கஷ்டம்."

நான் விடுதலையானேன்.

அணிக்கு மூன்றாம் இடம். சிறந்த சாட்சிக்கான பரிசு அவருக்கு. சான்றிதழை நிரப்புவதற்காக நீதிபதி பேனாவைத் திறந்து, "எந்த வருஷம் படிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எட்டாவதோட நின்னுட்டேங்க."

நீதிபதி பொறுப்பாசிரியரைப் பார்த்தார். பொறுப்பாசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். அந்த இடத்தைக் காலியாகவே விட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் நீதிபதி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விடுதலைச் செய்தியைச் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தாங்களா?"

"வாயாலதாம்மா சொன்னாங்க."

"வாயால சொன்னா எவன் நம்புவான்?"

திங்கட்கிழமை பொறுப்பாசிரியரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரிக்காமல் கல்லூரித் தாளை எடுத்து, 'இம்மாணவி எந்த மோட்டாரையும் திருடவில்லை' என்று எழுதி, கையெழுத்திட்டு, சீல் குத்திக் கொடுத்தார்.

அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். சீலைத் தடவிப் பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பி நீட்டி, "ஜல்தியா போய் நாலு ஜெராக்ஸ் எடுத்துக்கினு வா" என்றாள்.