வெல்டிங் செட்டை இழுக்க டீசலா, பெட்ரோலா: அண்ணனூரிலிருந்து திருமழிசை வரை

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். அவரும் கணவரும் ஒரு சின்ன டிரெய்லரை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏலகிரி போகப் போகிறார்களாம். இழுக்க டீசல் வண்டி வாங்குவதா, பெட்ரோல் வண்டி வாங்குவதா என்று வீட்டில் தினமும் வாக்குவாதமாம். இதே வாக்குவாதம் எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் நடந்தது. அதைத் தீர்த்துவைத்தது பதினெட்டு கிலோமீட்டர் பயணம் ஒன்று. 1994 மே மாதம், கத்திரி வெயில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அப்போது நாங்கள் அண்ணனூரில் ரயில்பாதைக்கு வடக்கே குடியிருந்தோம். என் கணவர் செல்வம் வெல்டர். ஒரு பட்டறையில் வேலை பார்த்தபோது இரும்புத் துகள் தெறித்து இடது கண் போய்விட்டது. அங்கிருந்து வெளியே வந்தபோது கிடைத்த தொகையில் டீசல் இன்ஜின் வைத்த வெல்டிங் செட் ஒன்றைப் பழையதாக வாங்கினார். இரண்டு சக்கர டிரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும் அது, முக்கால் டன் எடை. கரண்ட் இல்லாத இடத்திலும் போய் வெல்டிங் செய்யலாம். ஆனால் இழுத்துப் போக வண்டி இல்லை. வாடகை டிராக்டரை நம்பியிருந்தோம். டிராக்டர்காரருக்கு வயலில் வேலை இருந்தால் எங்களுக்கு வேலை கிடையாது.

ஒற்றைக் கண்ணோடு வண்டி ஓட்ட அவருக்குத் தைரியம் இல்லை. எனக்கு லைசென்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அம்பத்தூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கணக்கு எழுதினேன். மதியம் வண்டி சும்மா நிற்கும்போது ஓட்டிப் பழகியிருந்தேன். அதனால் எந்த வண்டி வாங்கினாலும் ஓட்டப்போவது நான்தான்.

விலைக்கு இரண்டு வண்டிகள் வந்தன. முத்தாபுதுப்பேட்டையில் ராகவன் சார் என்பவரிடம் ஒரு பெட்ரோல் ஜீப். சார் திருநெல்வேலிக்காரர், பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூந்தமல்லியில் தில்லி என்பவரிடம் ஒரு டீசல் பிக்கப். அந்த ஞாயிறு திருமழிசை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நீராவிக் குழாய் வெடிப்பை அடைக்க வேண்டியிருந்தது. மதியம் இரண்டு மணிக்குள் வந்து தொடங்கி அன்றே முடித்துக் கொடுத்தால் இனி மாதா மாதம் பராமரிப்பு வேலை எங்களுக்குத்தான் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். பூந்தமல்லி வரை ஜீப், அங்கிருந்து திருமழிசை வரை பிக்கப் என்று முடிவு செய்தோம். இரண்டையும் நிஜ பாரத்தோடு ஓட்டிப் பார்த்த மாதிரியும் ஆயிற்று.

என் மனசு ஜீப் பக்கம். செல்வத்தின் மனசு டீசல் பக்கம்.

"பெட்ரோலு டீசல விட ரெண்டு மடங்குக்கு மேல விக்கிது, வசந்தா. பாரம் இஸ்துகினு போனா சோடா மாதிரி குடிக்கும்."

"காலையில சாவி போட்டதும் கிளம்பணுங்க. இஞ்சின் சூடேறட்டும்னு யாரு காத்துக் கிடக்கிறது?"

காலை பத்து மணிக்கு ராகவன் சார் ஜீப்பை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தார். சாவியைத் திருப்பியதும் பூனை மாதிரி உறுமி நின்றது. கிளட்ச் லேசு, ஸ்டியரிங் லேசு. கொக்கியில் டிரெய்லரை மாட்டி, செல்வம் பக்கத்தில் உட்கார, சார் பின்னால் ஏற, கிளம்பினோம். தெருமுனை திரும்புவதற்குள் இதுதான் என் வண்டி என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

மெயின் ரோட்டுக்குப் போக ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். கேட் மூடியிருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ரயில்கள். முன்னும் பின்னும் லாரிகள் நெருக்கி நிற்க, இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டபடி வெயிலில் நின்றோம். கேட் திறந்தது. முதல் கியரில் மேட்டில் ஏறினேன். ஜீப் இரண்டாவது பாதையையும் தாண்டியபோது இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றுபோனது. ஜீப் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். டிரெய்லர் சரியாகத் தண்டவாளத்தின் மேல்.

மறுபடி சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியதே தவிர இன்ஜின் பிடிக்கவில்லை. செல்வம் குதித்து ஓடி டிரெய்லரைக் கழற்றப் பார்த்தார். பாரம் இழுத்ததில் கொக்கியைப் பூட்டும் இரும்புப் பின் இறுகிப்போய் அசையவில்லை. கேட் கீப்பர் கொடியோடு ஓடிவந்தார்.

"இன்னாம்மா, நடுவுல நிக்கவச்சிகினு! ஆவடிலேர்ந்து வண்டி உட்டுட்டான்! எடு, எடு!"

அப்போதுதான் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர்கள் செய்யும் ஒரு வேலை நினைவுக்கு வந்தது. இன்ஜின் பிடிக்காவிட்டாலும், முதல் கியரில் போட்டு, கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட்டரை ஓடவிட்டால் வண்டி பேட்டரி பலத்திலேயே நகரும்.

"எல்லாரும் தள்ளுங்க! நான் ஸ்டார்ட்டர்லயே இழுக்கிறேன்!" என்று கத்தினேன்.

சைக்கிளில் வந்தவர்கள், லாரி கிளீனர்கள், காய்கறிப் பையைக் கீழே போட்டுவிட்டு வந்த ஒரு அம்மா என்று பத்துப் பேருக்கு மேல் கை வைத்தார்கள். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் ஜீப் தவளை மாதிரி ஒரு முழம் தாவியது. நாலாவது தாவலில் டிரெய்லர் சக்கரம் கடைசித் தண்டவாளத்தைத் தாண்டி இறங்கியது. சரிவில் உருண்டு ஓரமாக நின்றோம். கேட் மூடிய கொஞ்ச நேரத்தில் மின்சார ரயில் எங்களுக்குப் பின்னால் தடதடவென்று போனது. ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். செல்வம் என் தோளில் கை வைத்தார்.

ராகவன் சார் பானட்டைத் திறந்து, தன் துண்டைத் தண்ணீரில் நனைத்து, இன்ஜினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்ப்பின் மேல் சுற்றினார். "வண்டி மேல தப்பில்லம்மா. பாரத்தோட வெயில்ல நின்னா பெட்ரோலு குழாய்க்குள்ளயே ஆவியாயிடுது. ஆறுனா ஓடிரும்." சொன்னபடியே கால் மணி நேரத்தில் ஓடியது. ஆனால் அவர் முகம் வாடிப்போயிருந்தது. சொந்தப் பிள்ளை சபையில் மானத்தை வாங்கிவிட்டது போல.

ஆவடி செக்போஸ்ட்டில் இடப்பக்கம் திரும்பி பூந்தமல்லி ரோட்டில் இறங்கினோம். ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். நேர் ரோட்டில் ஜீப் அருமையாக ஓடியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் பருத்திப்பட்டு தாண்டி கூவம் பாலத்திலிருந்து இறங்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து எங்களைத் தள்ள ஆரம்பித்தது. ஜீப்பின் வால் இடமும் வலமும் ஆடியது. சட்டென்று பிரேக் போட்டால் ஜீப்பும் டிரெய்லரும் கத்திரி மாதிரி மடங்கிக்கொள்ளும் என்று புரிந்து, மெல்ல மெல்ல வேகத்தைக் குறைத்தேன். இதற்கும் பெட்ரோலுக்கும் சம்பந்தமில்லை. இழுக்கிற வண்டி லேசு, அதற்கு இந்தப் பாரம் அதிகம். அவ்வளவுதான்.

பூந்தமல்லி சேரும்போது மணி பன்னிரண்டு. தில்லி தன் ஷெட் வாசலில் காத்திருந்தார். பிக்கப் முன்பு கான்கிரீட் மிக்சர் இழுத்த வண்டி. கொக்கி தயாராக இருந்தது. இறங்கிய எங்களைப் பார்த்ததும் சாவியைச் செல்வத்திடம் நீட்டினார்.

"ஏறு அண்ணாத்தே. யானை மாதிரி இஸ்க்கும்."

"நான் இல்ல நைனா. அவங்கதான் ஓட்றாங்க."

தில்லி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அக்காவா? இது கிளட்ச்சு கொஞ்சம் முரடாச்சே."

முரடுதான். முழுக்க அமுக்கவும் கால் எட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு கோணியை நாலாக மடித்து வைத்துக்கொண்டேன். சாவியைப் போட்டு, இன்ஜின் சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணையும்வரை காத்திருந்து திருப்பினால், ஷெட் முழுக்கப் புகை. தகரக் கூரை அதிர்ந்தது. எனக்கு ஆசையே வரவில்லை. ராகவன் சாருக்கு நன்றி சொல்லி, முடிவை மறுநாள் தெரிவிப்பதாகச் சொன்னேன். "பாத்து ஓட்டுங்கம்மா. நீங்க தெம்பான ஆளு" என்று சொல்லி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

தில்லி எங்களோடு வந்தார். பெங்களூர் ரோட்டில் மேற்கே ஐந்து கிலோமீட்டர்தான். டீசல் வேகம் எடுக்கவே இல்லை. மாட்டு வண்டி தவிர எல்லாம் எங்களை முந்தின. ஆனால் சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விட்டேன். வண்டி முணுமுணுத்துக்கொண்டே முக்கால் டன்னையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. "அடேங்கப்பா" என்று வாய்விட்டுச் சொன்னேன். செல்வம் வெளியே பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

திருமழிசையில் கம்பெனியைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்றே கால். உண்மையான சோதனை அங்கேதான். குழாய் பின்பக்கம் இருந்தது. அதற்குப் போகும் சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை; டிரெய்லரை ரிவர்ஸில்தான் உள்ளே விட வேண்டும். நான் அதுவரை டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்ததே இல்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும். முதல் முறை சுவரைப் பார்த்துப் போனது. இரண்டாவது முறை சாக்கடையைப் பார்த்து. வாட்ச்மேன், இரண்டு தொழிலாளிகள், சூப்பர்வைசர் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள்.

"அக்கா, எறங்கு. நான் ஒரே மூச்சுல உட்டுர்றேன்" என்றார் தில்லி.

"நாளைக்கு நீங்க கூட வருவீங்களா?" என்று கேட்டேன். அவர் ஒரு எட்டுத் தள்ளி நின்றார்.

செல்வம் பின்னால் போய் நின்றார். "அவங்க யாரையும் பாக்காத, வசந்தா. என் கைய மட்டும் பாரு. அவசரமே இல்ல, இன்னும் நேரம் கீது."

ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டேன். கிளட்சை ஒரு விரலளவு விட்டால் வண்டி ஒரு விரலளவு போனது. தடுமாறவில்லை, நின்றுபோகவில்லை. எறும்பு மாதிரி பின்னால் ஊர்ந்தது. தப்பு செய்தால் திருத்திக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. ஆறாவது முயற்சியில் டிரெய்லர் இரண்டு சுவர்களுக்கும் நடுவில் நுழைந்து, குழாய்க்குக் கீழே போய் நின்றது. வாட்ச்மேன் கை தட்டினார். அந்த இடத்திலேயே என் கட்சி மாறிவிட்டது.

செல்வம் வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கினார். மூன்று மணி நேர வேலை. நடுவில் வெல்டிங் செட்டில் டீசல் தீர்ந்தது. பிக்கப் வண்டிக்காக வைத்திருந்த கேனிலிருந்தே ஊற்றினோம். இரண்டுக்கும் ஒரே கேன் போதும் என்பது அதுவரை எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை. ஐந்து மணிக்கு நீராவி விட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. "அடுத்த மாசம் முதல் ஞாயிறு வந்துடுங்க, ரெண்டு பேரும்" என்றார் சூப்பர்வைசர்.

பூந்தமல்லியில் தில்லி இறங்கிக்கொண்டார். "வண்டிய ஊட்டுக்கே எட்துகினு போ அக்கா. மிச்சத்த அப்பால பேசிக்கலாம்."

ஆவடி ரோட்டில் வெயில் தாழ்ந்திருந்தது. கண் போனதிலிருந்து யார் ஓட்டும் வண்டியில் ஏறினாலும் செல்வம் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, சைக்கிள் வருது, மாடு வருது என்று சொல்லிக்கொண்டே வருவார். பருத்திப்பட்டு ஏரி தாண்டியதும் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். அத்தனை இரைச்சலிலும் கதவில் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை நான் ஹாரன் அடிக்கவில்லை.

அந்த பிக்கப் எங்களோடு பதினொரு வருடம் இருந்தது. ராகவன் சாரின் ஜீப்பை ஒரு டாக்டர் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன். பாரம் இல்லாமல் ஓட அதைவிட நல்ல வண்டி கிடையாது.

இனி, வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு. இன்றைய பெட்ரோல் வண்டிகள் கேட்டில் நின்றால் மூச்சடைத்துப் போகிறவை அல்ல. அந்தப் பயம் வேண்டாம். மேட்டிலும் ரிவர்ஸிலும் பாரத்தோடு மெதுவாக ஊர வேண்டுமென்றால் என் ஓட்டு இன்னும் டீசலுக்கே. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் இழுப்பவர்கள் பெட்ரோலே வாங்கலாம். எதுவானாலும் இழுக்கிற வண்டி, இழுபடுவதைவிட நிறையக் கனமாக இருக்கட்டும். கொக்கியோடு ஒரு சங்கிலியும் போடுங்கள். கொக்கியின் பின்னுக்குக் கிரீஸ் தடவுங்கள். இறக்கத்தில் முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியும் டிரெய்லரும் முழுசாக நிற்க இடம் இருந்தால்தான் தண்டவாளத்தில் ஏறுங்கள். விலை பேசுவதற்கு முன், ஓட்டப்போகிறவர் பாரத்தை மாட்டி ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கட்டும்.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு ஒரு காலி மைதானத்துக்குப் போய் ரிவர்ஸ் பழகுங்கள். பின்னால் நின்று கை காட்ட ஒரே ஒருவர் போதும். முதல் அரை மணி நேரம் அழுகை வரும். அப்புறம் திடீரென்று ஒருமுறை, நேராகப் போய் நிற்கும்.