சாடியில் செத்தவனைத் தூக்கியவர்கள்

பிள்ளைகளே, மூத்தவள் பள்ளிக்கூடத்துக்குச் செய்த கிரேக்கச் சாடியைக் கெடுத்தவன் நான்தான். ஏன் என்று உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை.

அப்போது கனடாவில், ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். எங்கள் அகதிக் கேஸ் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. பத்து வயது மூத்தவள், லைப்ரரிப் புத்தகத்தைப் பார்த்து, செம்மண் நிறப் பூச்சாடியில் கறுப்புப் பெயின்டால் படம் வரைந்திருந்தாள். ஈட்டியோடு இரண்டு பேர் செத்த ஒருவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சாடியை என் பக்கம் திருப்பிக் கேட்டேன்:

"உந்தப் படத்தை ஏன் கீறினனீ? அப்பா ஊரிலை ஆயுத இயக்கத்திலை இருந்தவர் எண்டெல்லோ ரீச்சர் நினைப்பா. கேஸ் என்னாகும்?"

"அப்பா, இவை கிரீக் ஆக்கள். செத்து ரெண்டாயிரம் வருஷம். இவைக்கு என்ன கேஸ்?"

நான் கேட்கவில்லை. பிரஷை வாங்கி மூன்று பேரையும் கறுப்பால் மூடினேன். அவள் அழவில்லை. காலையில் அந்தக் கறுத்த சாடியையே கொண்டுபோனாள். பின்னேரம் அதைத் திரும்பக் கொண்டுவந்து லைப்ரரிப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த நாள் வீட்டில் ஒருவரும் இல்லை. அந்தப் புத்தகத்தை அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். கறுப்பு உருவங்களின் கண், விரல், தாடி எல்லாம் கூரான முனையால் சுரண்டி எடுத்தவை. அந்தக் கோடுகளில் சாடியின் செம்மண் தெரிந்தது.

சட்டையில் குத்தும் ஊசி ஒன்றை எடுத்துக்கொண்டு சாடியோடு இருந்தேன். நான் பூசிய கறுப்புக்குள் செத்தவனின் முகம் எந்த இடத்தில் இருந்தது என்று பிடிபடவில்லை. ஒரு குத்துமதிப்பில், அவனுடைய மூடிய கண்ணை மட்டும் ஒரு கோடாகச் சுரண்டினேன்.