கம்பித்தடுப்பின் இந்தப் பக்கம்

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது பிலோமினா கன்னியர் மடத்தில் துறவுப் பயிற்சி பெறும் நவசந்நியாசி. துறவற வார்த்தைப்பாடு கொடுக்க இரண்டு மாதமே இருந்தது. மடம் சிதறியது. வீட்டார் கலியாணம் செய்துவைக்க, லண்டன் வந்தாள்.

கணவர் இறந்தபின், ஐம்பத்துநான்கு வயதில், வெளியே வராமல் செபத்திலேயே வாழும் கன்னியாஸ்திரிகளின் மடமொன்றுக்கு எழுதினாள்.

“அம்மா, உங்களுக்கென்ன விசரே? நோர்பரியில வீடு இருக்கு, நாங்கள் இருக்கிறம்,” என்றாள் மகள் ஜெனிற்றா.

“ஓம் பிள்ளை, எல்லாம் இருக்கு. எண்டாலும் மனம் அங்கதான் நிக்குது.”

நேரில் போனபோது மடத் தலைவி கம்பித்தடுப்புக்குப் பின்னாலிருந்து பேசினார். “நாற்பது வயதுக்குமேல் நாங்கள் சேர்ப்பதில்லை.” பிலோமினா எழுந்திருக்கவில்லை. தலைவி தணிந்த குரலில் சொன்னார்: “இந்த நாட்டில் மடங்களுக்குத் தடை இருந்த காலத்தில் எங்கள் சபை பெல்ஜியத்தில் அகதியாக இருந்தது. இருநூறு வருடம் கழித்துத்தான் திரும்பியது.”

“சபைக்கு இருநூறு வருடம் கிடைத்தது, மதர். எனக்குக் கிடைக்காதே.”

தலைவி, தாங்கள் செபத்தில் பாடும் சங்கீதப் புத்தகமொன்றைக் கம்பிக்கிடையால் நீட்டினார்.

இப்போது அவள் தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய், மடத்தின் சிற்றாலயத்தில் பொதுமக்கள் பக்கம் அமர்ந்து, உள்ளே பாடுபவர்களோடு மெல்லப் பாடுகிறாள். அவர்களின் முகங்களைக் கண்டதில்லை. குளிர் தொடங்கியதிலிருந்து ஒரு குரல் இருமி இருமிப் பாடுகிறது. அந்தக் குரலுக்காகத் தனியே ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் எழுகிறாள்.