மைக்கில் கேட்ட மூச்சு

என் மருமகள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஐம்பது பேருந்துகளை நிறுத்தியிருக்கிறாள். வெறும் மூச்சுவிட்டே நிறுத்தினாள். ஐம்பது என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பேருந்து நிலையத்தில் ஒரே நேரத்தில் பதினொன்றுக்கு மேல் நிற்க இடம் கிடையாது. ஆனால் அந்தப் பதினொன்றும் ஒன்று விடாமல் நின்றன. மூன்றாம் நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

எந்த வண்டி எங்கே நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்வதுதான் அவள் வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் 'மைக்கக்கா'. வீட்டில் "சாப்பாடு ரெடி" என்றாலும், "எத்தனாவது நடைமேடை?" என்று என் மகன் கேட்பான். அப்படி ஒரு குரல்.

குரல் இருக்கிற இடத்தில்தான் கோளாறும். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஆஸ்துமா. அவள் உட்காரும் அறையோ, டிக்கெட் கவுண்டருக்கு மேலே மாடியில், மேற்கு பார்த்த கண்ணாடிக் கூண்டு. மேலே தகரக் கூரை. ஜன்னலைத் திறந்தால் டீசல் புகை. மூடினால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி. ஒரு மேசை விசிறி உண்டு. அது சூட்டையும் தூசியையும் பாரபட்சமில்லாமல் முகத்தில் வீசும்.

அவளிடம் இரண்டு இன்ஹேலர்கள். மூச்சு இழுக்கும்போது எடுக்க நீலம். இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் தினமும் எடுக்கப் பழுப்பு. நீலம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில், ஜன்னல் விளிம்பில் இருக்கும். பழுப்பு அலமாரியில் தூங்கும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்த மைக்கின் பொத்தான் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். அணைத்துவிட்டோம் என்று நினைத்து அவள் நீலத்தை எடுத்து அடிக்கிற 'புஸ்' வெளியே எல்லா ஒலிபெருக்கியிலும் கேட்கும். அடுத்த நிமிடம் அறிவிப்பு வரும். பயணிகள் கெட்டிக்காரர்கள்; 'புஸ்' கேட்டதுமே பையைத் தூக்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது.

அந்தக் கோடையில் ஒரு நாள் டீக்கடைக்காரர் என்னை நிறுத்தினார்.

"ஏம்மா, உங்க மருமகளுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கா. ஏன் கேக்கறீங்க?"

"முன்னெல்லாம் என்னைக்கோ ஒரு நாள் 'புஸ்'ஸுன்னு கேக்கும். இப்ப வண்டிக்கு ஒண்ணு கேக்குது. கேட்டுக்கேட்டு எனக்கே மூச்சு முட்டுதும்மா."

சாயங்காலம் அவளைப் பிடித்தேன்.

"பழுப்பு என்னடி ஆச்சு?"

"அதுவா? சும்மா தண்டம் அத்தை. அடிச்சா ஒண்ணுமே தெரியல. நீலம்னா அடிச்ச உடனே நெஞ்சு திறக்குது."

"டாக்டர்கிட்ட போலாம் வா."

"போனா லீவு எடுக்கச் சொல்வாங்க. நான் லீவு எடுத்தா மேனேஜர் பெட்டியை மாட்டிடுவார். மாட்டினா கழட்ட மாட்டார். வெயில் குறைஞ்சா எல்லாம் சரியாயிடும். நீங்க மட்டும் வாயத் திறக்காதீங்க."

"நான் எப்ப வாயத் திறந்திருக்கேன்?"

என் மகன் அவ்வளவு நேரம் சிரித்திருக்க வேண்டாம்.

பெட்டி என்றால் பதிவு செய்த குரலில் தானே அறிவிக்கிற இயந்திரம். மேனேஜர் வாங்கி, உறைகூடப் பிரிக்காமல் தன் அறையில் வைத்திருந்தார். அதை நினைத்தால்தான் அவளுக்கு வெயிலை விட அதிகமாக வியர்த்தது.

அடுத்த வாரம் ஒரு மதியம், கண் டாக்டரிடம் போகலாம் என்று நிலையத்துக்கு வந்தேன். தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. காற்று ஆடவில்லை, புகை கிளம்பிய இடத்திலேயே நின்றது.

மேலே 'புஸ்'. ஜனங்கள் பையைத் தூக்கினார்கள். இன்னொரு 'புஸ்'. "பயணிகள் கவனத்துக்கு. ஆற்றுப்பாலம் வழியாக..." அவ்வளவுதான். அப்புறம் வார்த்தை வரவில்லை. மூச்சு வந்தது. மெல்லிய விசில் மாதிரி, உள்ளே போவதற்கு ஒரு பாடு, வெளியே வருவதற்கு இரண்டு பாடு. பொத்தான் சிக்கியிருந்தது. நிலையம் முழுக்க, கழிப்பறை வாசல் வரைக்கும் அந்த மூச்சு கேட்டது.

எனக்கு எதிரே நின்ற வண்டியின் ஓட்டுநர் மேலே பார்த்தார். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். அடுத்த வண்டி. அதற்கு அடுத்தது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தாங்கள் விடுகிற புகைதான் அந்தக் கூண்டுக்குள் போகிறது என்று அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது போலிருந்தது.

மாடிப்படிகளை நான் ஒரே தாவலில் ஏறினேன். சரி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான். வண்டிகள் வந்து போகும் நேரம் குறிக்கிற டைம் கீப்பர் எனக்கு முன்பே அங்கே இருந்தார். அவளைப் படுக்க வைக்கப் பார்த்தார். அவள் கையைத் தட்டிவிட்டு மேசையைப் பிடித்து முன்னால் சாய்ந்தாள்.

"விடுங்க, அவ உட்காரட்டும்" என்றேன்.

நீல இன்ஹேலரை எடுத்தால் வெயிலில் காய்ந்து சுட்டது. குலுக்கினேன், உள்ளே ஒன்றுமில்லை. வண்டிக்கு ஒன்று என்று அடித்தால் எத்தனை நாளைக்கு வரும்? வேறு ஒன்று கைவசம் இல்லை. ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கி அவளை இறக்கினோம். வடக்கு வழி வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார் அதன் ஓட்டுநர். வழியில் ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை.

முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். மெல்ல மெல்ல விசில் அடங்கியது. அப்புறம் டாக்டரம்மா கேட்டார், "பழுப்பு தினமும் எடுக்கறீங்களா?"

மருமகள் தரையைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. நாள், கிழமை குறித்து வைக்க வேண்டிய சம்பவம் அது.

கதவருகே நின்ற ஓட்டுநர்தான் சொன்னார்: "வண்டிய சர்வீஸுக்கே விடாம பிரேக்கையே மிதிச்சிட்டிருக்காங்க டாக்டர்."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. "பழுப்பு அடிச்ச உடனே ஒண்ணும் தெரியாதும்மா. நாள் கணக்கா விடாம எடுத்தாத்தான் உள்ள இருக்கற வீக்கம் குறையும். எடுத்ததும் வாய் கொப்புளிச்சிடுங்க. நீலம் அடிக்கடி தேவைப்பட்டா வெயில் முடியட்டும்னு காத்திருக்காம என்கிட்ட வாங்க. இன்னொண்ணு, எதையும் வெயில்ல வைக்காதீங்க."

நான் இதை அப்புறம் பல நாள் யோசித்தேன். உடனே நெஞ்சைத் திறந்துவிடுகிறவனைக் கொண்டாடுகிறோம். சத்தம் போடாமல் தினமும் உள்ளே வேலை பார்க்கிறவனைத் தண்டம் என்கிறோம். மருந்தில் மட்டுமா இது நடக்கிறது?

அவள் லீவில் இருந்தபோது பெட்டியை மாட்டிவிட்டார்கள். முதல் நாள் பயணிகள் பையை மடியில் வைத்துக்கொண்டு 'புஸ்'ஸுக்காகக் காத்திருந்து வண்டியைக் கோட்டை விட்டார்கள் என்பது டீக்கடைக்காரர் சொன்னது. அவருக்கு அன்று நல்ல வியாபாரம். பெட்டிக்குக் கண் இல்லாததுதான் பெரிய தொல்லை. பாதி வழியில் பஞ்சராகி நின்ற வண்டியையும் "புறப்படத் தயாராக உள்ளது" என்று அது நாள் முழுக்கச் சாதித்தது.

திரும்பி வந்த அன்று அவள் நேரே மேனேஜர் அறைக்குப் போனாளாம்.

"சார், எனக்கு ஆஸ்துமா இருக்கு. இந்த வெயில்ல மதியம் மேல உட்கார முடியாது. கீழே மைக் வேணும்."

"ஆஸ்துமா ஊருக்கே தெரியும்மா. நீங்கதானே மைக்குல சொன்னீங்க."

இப்போது மதிய வேளையில் கவுண்டருக்குப் பின்னால், தடித்த சுவருள்ள அறையிலிருந்து பேசுகிறாள். வண்டி வந்ததும் டைம் கீப்பர் ஜன்னலைத் தட்டிச் சொல்வார். 'புஸ்' கேட்டு நாளாகிறது. பெட்டி மறுபடி உறைக்குள் போய்விட்டது.

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பழுப்பை எடுத்துவிட்டு வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தவள், துப்பிவிட்டு வந்து சொன்னாள்:

"எல்லாம் சரிதான் அத்தை. ஆனா பதினொண்ணும் நிக்கல. அந்த வடக்கு வழி வண்டி எஞ்சின் ஓடிட்டேதான் இருந்துச்சு. அதுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் போய் ஒரு வாரம். அவரும் எஞ்சினை அணைச்சிருந்தா, என்னை ஏத்தினப்புறம் நாலு பேர் இறங்கித் தள்ளியிருக்கணும். அதுல ஒரு ஆள் நீங்க."