குடங்களை நகர்த்திய மூலை

பக்கத்து சீட் திவ்யாவுக்கு ஆபீசுக்கே ஒரு பார்சல் வந்தது. பெருங்குடியில் எங்கள் கட்டடத்துக்கு நாள் பூராவும் பார்சல் வந்துகொண்டே இருக்கும்; கீழே செக்யூரிட்டி மேஜையைப் பார்த்தால் இது கம்பெனியா குடோனா என்று சந்தேகம் வரும். திவ்யா பிரித்தாள். உள்ளே குஷன் உறைகள். புதுத் துணியின் கஞ்சி வாசனை ஏசி காற்றில் கலந்து என் மேஜைவரை வந்தது. வீட்டில் புத்தகம் படிப்பதற்கென்றே ஒரு மூலை செய்யப் போகிறாளாம். கொஞ்சக் காசில் அதை எப்படிச் செய்வது என்று போனில் ஒரு வீடியோ வேறு காட்டினாள். ஒரு பெண் ஜன்னலோரம் மெத்தையைப் போட்டு, சுவரில் குட்டி குட்டியாக விளக்குகளைத் தொங்கவிட்டு, கையில் காபியோடு புத்தகத்தைப் பிரிக்கிறாள். பக்கத்தில் ஒரு பூனையும் இருந்தது. பூனையும் அந்தக் கொஞ்சக் காசில் சேர்த்தியா என்று தெரியவில்லை.

"எங்க வீட்டுல அப்பவே இது இருந்துச்சு," என்றேன்.

"போங்கக்கா, சும்மா ஓட்டாதீங்க," என்று சிரித்தாள்.

அவள் சிரித்ததில் தப்பில்லை. நான் வளர்ந்த இடத்தைப் பற்றி ஆபீசில் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. அடையாறு என்று மட்டும் சொல்வேன். கேட்பவர்கள் மரமும் பங்களாவும் இருக்கிற அமைதியான தெருவை நினைத்துக்கொள்வார்கள். நான் சொல்வது ஆற்றை. அதன் கரையில் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற வீடுகளில் ஒன்று எங்களுடையது. ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட், ஷீட்டின்மேல் காற்றுக்குப் பறக்காமல் இருக்க நாலைந்து செங்கல்.

கஞ்சி வாசனை என்றால் எனக்கு அக்காதான். மஞ்சுளா அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் இருந்தாள். ராத்திரி அவள் வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் புதுத்துணி வாசனையும் கூடவே நுழையும். மழைக்காலத்தில் ஆற்று நாற்றத்துக்கு நடுவே அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் நல்ல வாசனை. "பெரிய பொண்ணு எங்க கீது?" என்று யாராவது கேட்டால் அம்மா, "ஜவுளிக்கடைல நிக்குது" என்பாள். கடையில் வேலை பார்ப்பதை அப்படிச் சொல்வது எல்லோருக்கும் வழக்கம்தான். அக்கா விஷயத்தில் அதற்கு வேறு அர்த்தம் தேட வேண்டியதே இல்லை. காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து இரவு இறங்கும்வரை உட்காரக் கூடாது என்பது கடையின் சட்டம். சாப்பிடுகிற நேரம் மட்டும் விதிவிலக்கு. ஆள் இல்லாத மத்தியான வேளையிலும் கொக்கு மாதிரி ஒரு காலை மாற்றி இன்னொரு கால் என்று நின்றாக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு பக்கெட்டில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டுத் தயாராக வைத்திருப்பாள். அதில் காலை விட்டுக்கொண்டுதான் அக்கா சாப்பிடவே உட்காருவாள்.

இப்போது என் கையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. மணிக்கு ஒரு தடவை அதிர்ந்து, எழுந்து நில் என்று எனக்கு உத்தரவு போடுகிறது. நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்தால் முதுகு போய்விடும் என்று டாக்டரும் பயமுறுத்தியிருக்கிறார். அது அதிரும்போதெல்லாம் அக்காவை நினைக்கிறேன். சிரிப்பு வரவேண்டிய இடம்தான்; வருவதில்லை.

அந்தக் கடையிலும் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள் இருந்தார்கள். பில் போடுகிற பெண்கள். தளத்துக்கு ஒரு மேஜை, மேலே ஒரு ஃபேன், முதுகு சாய்க்க நாற்காலி. அக்கா அவர்களைப் பற்றிச் சொல்லும்போது வேறு நாட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கும். ஒரு நாள் துணிந்து, தளத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், முன்கோபி, ஆனால் கெட்டவர் இல்லை. "பிளஸ் டூ பாஸாயிட்டு வா பிள்ள, பில் போடுத எடத்துல உக்கார வைக்கேன்," என்று சொல்லியிருக்கிறார். அப்பா இறந்தபோது பத்தாவதோடு அவள் படிப்பு நின்றிருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் பக்கெட்டில் காலை விடவே மறந்துபோனாள். "பிரைவேட்டா எழுதப் போறேன்மா," என்றாள்.

அடுத்த லீவு நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு மயிலாப்பூர் லஸ் முனைக்குப் போனாள். அங்கே பிளாட்பாரத்தில் பழைய புத்தகங்களைக் குவித்து வைத்து விற்பார்கள். வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாடப் புத்தகங்களைப் பொறுக்கினோம். வரலாற்றுப் புத்தகத்தை முன்னால் வைத்திருந்த பையன் எல்லா ராஜாக்களுக்கும் மூக்குக் கண்ணாடி வரைந்திருந்தான். பொருளியல் புத்தகத்தை வைத்திருந்தவள் பக்கத்துக்குப் பக்கம் "முக்கியம்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். அக்கா அந்த முகம் தெரியாத பெண்ணை அப்படியே நம்பினாள். "முழுசும் முக்கியமாம்டி," என்று வழியெல்லாம் கவலைப்பட்டுக்கொண்டு வந்தாள்.

புத்தகம் வந்தாகிவிட்டது. படிக்க இடம் வேண்டுமே. ஒரே அறையில் ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் டிவியும் துணி மூட்டையும், நடுவில் நாங்கள் படுப்போம். மிச்சமிருந்தது ஒரே ஒரு மூலை. அதில் அம்மாவின் பிளாஸ்டிக் குடங்கள் இருந்தன. சென்னையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் சாமி படத்துக்குக்கூட அவ்வளவு நல்ல இடம் கிடையாது.

"கொடத்த எங்கடி வெப்பேன், உன் தலமேலயா?" என்றாள் அம்மா.

"வெளிய வெச்சிக்கலாம்மா."

"வெளிய வெச்சா எவளாவது மொண்டுக்கினு பூடுவா."

பக்கத்து வீட்டு லட்சுமி அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே பஞ்சாயத்துக்கு வந்தார். "எங்க வாசலாண்ட வெய்யி, நான் பாத்துக்கறேன். பொண்ணு படிக்கட்டும்." வைத்தோம். அத்தை நன்றாகவே பார்த்துக்கொண்டார். தினமும் ஒரு சொம்பு குறைந்ததை அம்மா வாடகை என்று விட்டுவிட்டாள்.

மூலை ஈரம் காய இரண்டு நாள் ஆனது. அப்புறம் அக்கா தன் சாமர்த்தியத்தைக் காட்டினாள். துணி சுற்றி வருகிற கெட்டி அட்டைகளைக் கடையில் தூக்கிப் போடுவார்கள். அவற்றைக் கேட்டு வாங்கி வந்து சுவரில் அடுக்கி ஒட்டினோம், முதுகில் ஈரம் ஏறாமல் இருக்க. பாண்டி பஜார் பக்கம் ஒரு டெய்லர் வெட்டித் தள்ளிய துணித் துண்டுகளைச் சாக்கில் திணித்துத் தைத்தோம், அதுதான் மெத்தை. உள்ளே எங்கேயோ ஒரு பட்டன் கூட்டம் மாட்டிக்கொண்டு உட்காருகிற எல்லோரையும் ஒரே இடத்தில் குத்தும். ஆப்பிள் பெட்டியைச் சாய்த்து வைத்தால் புத்தக அலமாரி. உடைந்த பூக்கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்பை விட்டோம். சாயங்காலம் சுவிட்சைப் போட்டபோது கூடையின் பின்னல் நிழல் சுவரெல்லாம் விழுந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு எழுந்தாள். வேலை செய்கிற வீட்டில் கொடுத்த நல்ல புடவை ஒன்றை எடுத்து வந்து, திரையாகக் கட்டிக்கொள் என்று கொடுத்தாள்.

இவ்வளவும் செய்து அக்கா கால் நீட்டி உட்கார்ந்தாள். சாய்ந்தாள். புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்கம் முடிவதற்குள் தூங்கிவிட்டாள்.

மறுநாளும் அதே கதை. நாள் முழுக்க நின்ற உடம்பு, உட்கார இடம் கிடைத்ததும் போதும் என்று கண்ணை மூடிவிடுகிறது. முகத்தில் தண்ணீர் அடித்துப் பார்த்தாள், என்னைக் கிள்ளச் சொன்னாள். நான் ஆசையாகவே கிள்ளினேன், பலனில்லை. கடைசியில் எழுந்து நின்று, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். மூலை சும்மா கிடக்கிறதே என்று அம்மா அதில் உட்கார்ந்துகொண்டாள். சத்தம் கேட்டு லட்சுமி அத்தை வந்து அம்மாவை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். அக்காவுக்காகச் செய்த மெத்தையில் அவளைத் தவிர எல்லோரும் உட்கார்ந்தோம்.

அவள் பாடம் படிக்கிற விதமே தனி. வரலாற்றுப் புத்தகத்தில் இருப்பதை இரண்டு வரி வாசிப்பாள், அப்புறம் எங்கள் பாஷைக்கு மாற்றுவாள். "தம்பிக்காரன் இன்னா பண்ணான், ராத்திரியோட ராத்திரியா கோட்டைய வெள்ளக்காரனுக்குத் தொறந்துட்டான்." லட்சுமி அத்தை கொதித்துப்போவார். "கட்டைல போறவன். கூடப் பொறந்தவனுக்கே பண்ணான் பாரு. அப்பறம்?" பாடம் பாதியில் நிற்கிற நாளில் அத்தைக்குத் தூக்கம் வராது, மறுநாள் தண்ணீர் வரிசையில் அக்காவைப் பிடித்து மீதியைக் கேட்பார். அந்த வருஷம் எங்கள் வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் பிளஸ் டூ வரலாற்றைப் பாதிக்கு மேல் முடித்திருந்தார்கள். எனக்குப் படிப்பில் ருசி தட்டியது பள்ளிக்கூடத்தில் இல்லை, அந்தப் பட்டன் குத்துகிற சாக்கு மெத்தையில்தான்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருந்தபோது ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள். கரையில் இருக்கிறவர்கள் காலி செய்ய வேண்டும், ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருவார்கள். இது பல வருஷமாகச் சொல்வதுதானே என்று இருந்தோம். இந்தத் தடவை லாரி வந்துவிட்டது. அம்மா முதலில் ஏற்றியது குடங்களை. அக்கா ஆப்பிள் பெட்டியை ஏற்றினாள். சாக்கு மெத்தையைத் தூக்கினபோது லாரிக்காரர், "குப்பையெல்லாம் ஏத்தாதம்மா, எடமில்ல," என்றார். அக்கா அவரோடு சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். கீழே வைத்துவிட்டு லாரியில் ஏறிக்கொண்டாள்.

புது வீட்டில் தனியாகச் சமையலறை இருந்தது, குழாய் இருந்தது, நாலு மூலையும் காலியாகவே இருந்தன. இல்லாதது வேலை. அம்மா அடையாறில் பார்த்துவந்த வீடுகளுக்கு இரண்டு பஸ் மாறிப் போய் ஆறு மணிக்கு வாசல் தெளிக்க முடியுமா? அவர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்த சம்பளம் அக்காவுடையது மட்டும்தான் என்றாகிவிட்டது. பரீட்சைக்கென்று சேர்த்து வைத்திருந்த லீவெல்லாம் வீடு மாற்றுவதிலும் வீட்டு டோக்கனுக்கு வரிசையில் நிற்பதிலும் தீர்ந்துபோயிருந்தது. இன்னும் லீவு வேண்டும் என்று போய் நின்றாள். கோடை விற்பனை நேரம். "லீவு எடுத்தா அப்படியே நின்னுக்க, வேற ஆள் பாத்துக்கிடுதேன்," என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

அக்கா பரீட்சை எழுதவில்லை. "அட்த்த வருசம் எழுதிக்கலாம் வுடு," என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வது மாதிரி.

அடுத்த வருஷம் காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரவு பத்தரைக்கு வந்தாள். பஸ்ஸிலும் நின்றுகொண்டே. அதற்கடுத்த வருஷம் நான் பிளஸ் டூ. அவளுடைய புத்தகங்களில் பாடத்திட்டம் மாறாதவற்றை நான் எடுத்துக்கொண்டேன். அவள் சம்பளத்தில் பி.காம். படித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை எனக்குக் கிடைத்தது. அவள் கேட்ட ஒரே பொருள் அது. இதை எழுதும்போது மனசு ஆறவில்லை. எப்போதும் ஆறாது என்றும் தெரியும்.

அம்மா இப்போது இல்லை. லட்சுமி அத்தைக்குக் குலுக்கலில் வேறு பிளாக்கில் வீடு விழுந்திருந்தது. மாடி ஏறி இறங்க முடியாமல் நாளடைவில் வருவதை நிறுத்தினார், ஒரு நாள் போய்விட்டார் என்று செய்தி வந்தது. ஆற்றங்கரையில் இப்போது கம்பி வேலியும் மரக்கன்றுகளும் இருக்கின்றன. பாலத்தில் பஸ் போகும்போது எங்கள் வீடு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். முடிந்ததில்லை. கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. அக்காவின் கடையிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆடித் தள்ளுபடிக்குப் போனபோது பார்த்தேன், ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "முட்டி மடங்கலடி. உக்காந்தா எழுந்துக்க யாராச்சும் கை குடுக்கணும். யாரப் போய்க் கூப்பிடறது," என்றாள்.

போன மாதம் ஒரு லீவு நாளில் என் வீட்டுக்கு வந்தாள். ஹாலில் நல்ல உயரமான நாற்காலியாக ஒன்றை அலமாரிக்குப் பக்கத்தில் போட்டு, ஃபேனையும் போட்டு, "எதையாவது எடுத்துப் படிச்சிக்கினு இரு அக்கா, சமச்சிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். குக்கரை ஏற்றிவிட்டு, அடுப்புச் சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் குரலில் இரண்டு வரி கேட்காதா என்றிருந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தேன். கண்டபடி கிடந்த என் புத்தகங்களையெல்லாம் அவள் அடுக்கி முடித்திருந்தாள். பெரியவை கீழே, சின்னவை மேலே, பச்சையோடு பச்சை, சிவப்போடு சிவப்பு, ஓரம் ஒரு நூல் பிசகாமல். "இன்னாடி இப்டிப் போட்டு வெச்சிக்கீற? இப்ப பாரு, எடுத்துக் காட்ட லேசாக்கீது," என்றாள். ஒரு புத்தகத்தைக்கூட அவள் பிரித்துப் பார்க்கவில்லை. நான் போட்ட நாற்காலியின்மேல், தூசி துடைத்த துணி நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.